லேசா ஈரம்

எங்கள் வீட்டில் எனக்கு முட்டை பொரித்து வைத்தால், எங்கேயோ ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். போன வருஷம் என் குடையை அண்ணன் பஸ்ஸில் தொலைத்தபோது ஒரு முட்டை வந்தது. என் பெயருக்கு வந்த கூரியரை அப்பா பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டபோதும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டில் இரண்டு முட்டை இருந்தன. மிளகு தூவி, ஓரம் முறுகலாக, எனக்குப் பிடித்த மாதிரியே. எனக்கு நல்ல பசி. எண்ணிப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

நான் சமையலறை வரைகிறவள். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, பாத்திரம் கழுவுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார், குப்பை எந்த வழியாக வெளியே போகும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இத்தனை வருஷமும் நாங்கள் பெரியவர் என்று சொல்கிற ஒரு டிசைனருக்கு வரைந்தேன். கோடு என்னுடையது, கண் வலி என்னுடையது, தாளின் வலது மூலையில் இருக்கும் பெயர் மட்டும் அவருடையது. போன மாதம்தான் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் புதுச் சமையலறைக்கு என்னை நேராகக் கூப்பிட்டு வரையச் சொன்னார்கள். பெரியவரையும் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பேரும் அனுப்ப வேண்டும், கமிட்டி பார்த்து ஒன்றை எடுக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாத் தாளையும் முடித்துவிட்டு மூலையில் என் பெயரைப் போட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். வெட்கமாக இருந்தது, திரும்பவும் சின்னதாக்கினேன்.

ஒரு குழாயின் உயரம் மட்டும் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. அதைச் சரிபார்க்க ஹாஸ்டலுக்குக் கிளம்பினேன். லேப்டாப் சாப்பாட்டு மேஜையில் சார்ஜரோடு திறந்தபடி இருந்தது.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிறகு ஒவ்வொருவர் வாயிலிருந்தும் துண்டு துண்டாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வேலை முடிந்து வந்திருக்கிறான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியைக் கொண்டுவந்து என் லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதிலேயே மேட்ச் ஸ்கோர் பார்க்க உட்கார்ந்திருக்கிறான். முழங்கை பட்டு டம்ளர் சாய்ந்திருக்கிறது. முழு டம்ளர். தோளில் கிடந்த துண்டால் மேலே துடைத்தான். மூடியைச் சாத்தினான். எதுவும் நடக்காத மாதிரி இருக்க வேண்டுமே, அதனால் சார்ஜரைக்கூடப் பிடுங்கவில்லை. அப்படியே நேராக நகர்த்தி வைத்துவிட்டு அண்ணியிடம் போனான்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. கெட்ட செய்தி எதுவும் எனக்கு நேராக வராது. செய்தவர் அண்ணியிடம் சொல்வார். அண்ணி அப்பாவிடம் சொல்வாள். அப்பா என்னிடம் சொல்வார், அதுவும் நான் சாப்பிட்டு முடித்த பிறகு. "அவ பட்டாசு, பக்குவமா சொல்லணும்" என்பது வீட்டுச் சட்டம். அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், கசப்புக்கு மேல் சர்க்கரை பூசாமல் அவளால் எதையும் கையில் எடுக்க முடியாது. அப்பாவோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு இணைத்துக் கொடுத்தே பழகியவர், சொந்தமாக ஒரு தகவலும் தரமாட்டார். செய்தி இப்படி ஆற அமர வீட்டைச் சுற்றிவந்த நேரம் முழுக்க, காபி என் லேப்டாப்புக்குள் சுற்றிவந்துகொண்டிருந்தது.

நான் சாப்பிடும்போது அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தான். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஒரு முகம். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்ததும் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்குக் காத்து நல்லா இருக்கு."

"ஆமாப்பா."

"ஹாஸ்டல் வேலை எப்படிப் போகுது?"

"முடிஞ்சிருச்சு. அந்தக் குழாயும் சரியாத்தான் இருக்கு. காலைல இன்னொரு தடவை பாத்துட்டு அனுப்பணும், அவ்வளவுதான்."

அப்பா அண்ணியைப் பார்த்தார். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் விரல் நகத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லம்மா. உன் கம்ப்யூட்டர் மேல லேசா ஈரம் பட்டுச்சாம்."

பட்டதாம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் உடைப்பதில்லை. பொருள்கள் தாமாகவே மனமுடைந்து விழுந்துவிடும்.

மூடியைத் திறந்தேன். விசைகள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. திரை ஒரு தரம் மினுங்கியது. நான் தொடாமலே ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. பிறகு கருகின வாசனை வந்தது. எல்லாம் அணைந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்தேன். லேசான ஈரம் மேஜையில் குளமாக நின்று, விளிம்பு வரை ஓடி, என் காலில் சொட்டியது. இன்னும் கொஞ்சம் இனிப்பு வாசனைகூட இருந்தது.

கத்தினேன். மறைக்க என்ன இருக்கிறது, மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் அளவுக்குக் கத்தினேன். வழக்கம்போல அவரவர் அவரவர் இடத்துக்குப் போனார்கள். அண்ணி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அண்ணன் வண்டியைத் துடைக்கப் போனான். அப்பா மட்டும் கொஞ்ச நேரம் கழித்து அரிசி டின்னைத் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுக்குள்ள போட்டு வச்சா ஈரத்தை இழுத்துருமாம்."

"யாருப்பா சொன்னா?"

"சொல்றாங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். தாழி உடைந்ததை உடைத்தவனே வந்து சொல்லியிருந்தால் பாதி வெண்ணெயையாவது வழித்து எடுத்திருக்கலாம் அல்லவா? இவர்கள் உடைந்த தாழிமேல் துணி போட்டு மூடிவிட்டு, எனக்கு முட்டை பொரித்தார்கள்.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்கிற புத்திசாலிகளுக்கு: எடுத்தேன். பென் டிரைவில், புதன்கிழமை. வியாழக்கிழமை ஹாஸ்டலில் போய் நின்று பார்த்தபோதுதான், பின்கதவு உள்பக்கமாகத் திறக்கும், திறந்தால் பெரிய அடுப்பில் போய் இடிக்கும் என்று தெரிந்தது. அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். அடுப்பு மாறினால் தொட்டி மாறும், தொட்டி மாறினால் குழாய் மாறும், மொத்தச் சமையலறையும் மாறும். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் மாற்றி வரைந்தேன். அந்த இரண்டு நாளும் கருகின வாசனையோடு மேஜை மேல் கிடந்தன.

காலையில் ரிப்பேர் கடைக்கு அண்ணனும் வந்தான், டிரைவிங் ஸ்கூல் காரில். அவன் ஓட்டினால் மாலைதான் போய்ச் சேருவோம் என்று ஸ்டியரிங்கை நான் பிடுங்கிக்கொண்டேன். அந்தக் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. நான் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அவன் கால் தன்னால் பிரேக்கை அழுத்தியது.

"மெதுவா போ."

"கால எடு."

"பழக்கதோஷம். மெதுவா."

எங்கள் குடும்பத்தை வரையச் சொன்னால் அந்தக் காரைத்தான் வரைவேன்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும், ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திருகாணிகளைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திறந்தாள். உள்ளே பழுப்பாகப் பாகு மாதிரி படிந்திருந்தது.

"டீயா காபியா?"

"காபி" என்றான் அண்ணன்.

"சர்க்கரை போட்டதா?"

"ரெண்டு ஸ்பூன்."

"எப்ப கொட்டுச்சு?"

"நேத்து சாயங்காலம்."

"எப்ப ஆஃப் பண்ணீங்க?"

அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "ஆஃப் பண்ணல. மூடி வச்சேன்."

"சார்ஜர்?"

"அது இருந்துச்சு. இவ வந்து, சாப்பிட்டு... ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும்."

அவள் காதிலிருந்து பாட்டை எடுத்தாள். "போன மாசம் எங்க வீட்டுக்காரர் ஜூஸைக் கொட்டினார். உடனே கத்தினார், நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி, ஆஃப் பண்ணி, கவிழ்த்துப் போட்டேன். கீபோர்டு மட்டும்தான் போச்சு. உங்களுது மதர்போர்டே போயிருச்சு."

"உள்ள இருக்கிற ஃபைல்?"

"இந்த மாடல்ல டிஸ்க் தனியா கிடையாது. போர்டுலயே ஒட்டி வருது. வெளியூருக்கு அனுப்பித்தான் எடுக்கணும். ரெண்டு வாரம் ஆகும், கிடைக்கும்னும் சொல்ல முடியாது."

"எனக்குப் பன்னெண்டு மணிக்கு வேணும்."

அவள் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை விட்டு எழுந்து, அவளுடைய கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அதில் நான் வரைகிற சாஃப்ட்வேர் இல்லை, படத்தைப் பார்க்கலாம், திருத்த முடியாது. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கேட்டேன். அதன் பின்பக்கம், அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்றி, தொட்டியை மாற்றி, கதவு திறக்கும் வளைவைப் போட்டு, ஸ்கேல்கூட இல்லாமல் கையால் வரைந்தேன். போட்டோ எடுத்து, பென் டிரைவில் இருந்த புதன்கிழமைப் படங்களோடு சேர்த்து, நடந்ததையும் இரண்டு வரி எழுதிப் பன்னிரண்டுக்கு முன்னால் அனுப்பினேன். பில் தாளின் மூலையிலும் என் பெயரை எழுதினேன்.

திரும்பி வரும்போதும் நான்தான் ஓட்டினேன்.

"ஏன் உடனே சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா கத்துவ."

"ஆமா, கத்துவேன். கத்திக்கிட்டே கவிழ்த்திருப்பேன். கத்தறது வாயி, கவிழ்க்கறது கை. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய எனக்குத் தெரியும்."

"நான் ஹாஸ்டலுக்கு போன் பண்ணி..."

"போன் பண்ணியிருக்கணும். நேத்து. எனக்கு."

"உன்னைப் பதற வைக்க வேண்டாம்னுதான்."

அந்த வார்த்தையில்தான் எனக்குள் என்னமோ அறுந்தது. "அம்மாவுக்கும் இதையேதானே பண்ணின" என்றேன்.

அவன் கால் பிரேக்கை அழுத்தியது. நடுரோட்டில் கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் வேறு ஊரில் பெரியவரின் ஒரு வேலையில் இருந்தேன். அண்ணன் போன் செய்தான். அம்மாவுக்கு லேசா முடியல, ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், அவசரமில்ல, மெதுவா வா என்றான். டாக்டர் அதற்குள் கையை விரித்துவிட்டார். அது அவனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான் வந்து, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு பக்குவமாகச் சொல்வதாக இருந்தார்கள். சொன்னதை நம்பி நான் மெதுவாகவே போனேன். கூட்டமாக இருந்த பஸ்ஸை விட்டுவிட்டு, உட்கார இடமிருந்த அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஆரஞ்சு விற்றார்கள். அம்மாவுக்கு ஆரஞ்சு பிடிக்கும். ஒரு சுளை தின்று பார்த்து, புளிக்காததாகப் பொறுக்கி, பேரம் பேசி வாங்கினேன். மாடிக்குப் போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். இப்பத்தான், கொஞ்சம் முன்னாடிதான் என்று நர்ஸ் சொன்னார். அம்மா கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

ஆரஞ்சு வாங்கின விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பை என்ன ஆயிற்று என்றும் எனக்குத் தெரியாது.

"அது வேற, இது வேற" என்றான் அண்ணன்.

"ஒண்ணுதான். கால எடு, வண்டி நகரணும்."

காலை எடுத்தான். வீடு வரை அவன் பிரேக்கைத் தொடவில்லை.

மத்தியானம் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. சாயங்காலம் போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். குழாயைத் திறந்த பிறகு மணி அடித்தது. பாதிச் சோப்போடு நின்று காதைத் தீட்டிக் கேட்டேன். யாரோ எடுத்தார்கள். "ம்... சரிங்க... சரிங்கம்மா" என்று அண்ணன் குரல். பிறகு குசுகுசுவென்று அண்ணியின் குரல். பிறகு அப்பாவின் செருப்பு ஓசை. பிறகு, சாமி சத்தியமாக, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கும் சத்தம்.

ஈரத் தலையோடு வெளியே வந்தேன். என் போன் மேஜையில் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் தட்டு. இரண்டு முட்டை. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. முதல்ல சாப்பிடு."

"யார் போன்ல?"

"சாப்பிடேன். ஆறிரும்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "இன்னிக்கு என்னமோ புழுக்கமா..."

"போன் ஹாஸ்டல்லருந்து" என்றான் அண்ணன்.

அவன் சுவரோரமாக நின்றிருந்தான். அண்ணி "என்னங்க" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் இரண்டு எட்டு முன்னால் வந்து என் எதிரே நின்றான்.

"நான்தான் எடுத்தேன். வேலை உனக்கு இல்ல. பெரியவருக்குக் குடுத்துட்டாங்க. உன் படத்துல அடுப்பு கதவுல இடிக்குதாம், கையால கிறுக்கினதை கமிட்டியில வைக்க முடியாதாம். போன்ல பேசின அம்மாவுக்கே வருத்தம்தான். ஆனா முடிஞ்சு போச்சு." ஒரு மூச்சு விட்டான். "காபியைக் கொட்டினது நான். மூடி வச்சதும் நான். உன் வேலை போனது என்னாலதான்."

மெதுவாகச் சொல்லவில்லை. ஒரே ஓட்டமாகச் சொன்னான்.

அப்புறம் கத்தினேன். முந்தின நாள் கத்தியதெல்லாம் ஒத்திகை. என் பெயரை ஒரு மூலையில் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று கத்தினேன். நான் வரைந்து கொடுத்த கோடுகளை வைத்தே அந்த ஆள் என்னை ஜெயித்துவிட்டான் என்று கத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம், முட்டையைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது என்று கத்தினேன். தட்டைத் தள்ளியதில் அது மேஜையின் மறுமுனை வரை போய் நின்றது. அண்ணி சமையலறைக்குப் போய்விட்டாள், குழாய்ச் சத்தம் கேட்டது. அப்பா பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் போகவில்லை. கார் சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது, வாசலும் திறந்துதான் இருந்தது. அவன் அங்கேயே நின்றான். சமாதானம் சொல்லவில்லை, மெதுவா என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முகம் சுருங்கியது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் எனக்குத் தொண்டை கட்டி, குரல் கீச்சென்று உடைந்து நின்றது.

அவன் ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

இருந்தது. ஆரஞ்சுப் பழத்திலிருந்து ஆரம்பித்தேன்.